நடுவருக்குக் கண் தெரியாதா? கால்பந்து ரசிகர்களின் வாக்குவாதத்துக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

கால்பந்து பார்க்க இப்போதுதான் தொடங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இதில் பழம் தின்று கொட்டை போட்ட நாலைந்து ரசிகர்களோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்க்கிறீர்கள். கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பகுதிக்குள் பந்து, கோலைக் காக்கும் ஒரு டிஃபெண்டரின் கையில் படுகிறது. இருவர் துள்ளி எழுந்து ‘பெனால்டி!’ என்று கத்துகிறார்கள். எதிரே கோல்கீப்பர் மட்டும் நிற்க, கோலை நோக்கி நேராக அடிக்கும் உதை அது. ஒருவர் ‘கை உடம்போட ஒட்டித்தானே இருந்துச்சு’ என்கிறார். இன்னொருவர் ‘போன வாரம் நமக்கு இதே மாதிரி நடந்தப்போ கொடுக்கலையே’ என்று புலம்புகிறார். நடுவர் ஆட்டத்தைத் தொடரச் சொல்லிக் கையசைத்துவிட்டு ஓடுகிறார். அடுத்த பத்து நிமிடத்துக்கு அந்த அறையில் யாரும் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை.

புதியவருக்கு இது ஒரே சண்டையாகத் தெரியும். கொஞ்சம் கவனித்தால் மூன்று சண்டைகள் பின்னிக் கிடப்பது புரியும். பந்து எங்கே பட்டது, கை எங்கே இருந்தது என்பது முதல் சண்டை. அது நடந்த விஷயத்தைப் பற்றியது. அப்படிப் பட்டால் விதி என்ன சொல்கிறது என்பது இரண்டாவது. அந்த விதி எல்லா அணிக்கும் ஒரே மாதிரி பொருந்துகிறதா, அது நியாயமா என்பது மூன்றாவது. ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறார், எதிரே இருப்பவர் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்கிறார். இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம், அதனால்தான் சண்டை முடிவதே இல்லை. எந்த நேரத்தில் எந்தக் கேள்வி ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் ரசிகர்களின் பேச்சு பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

கோடு தாண்டியதா?

மூன்றிலும் எளிதானது முதல் கேள்விதான். கோல் ஆக வேண்டுமென்றால் முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டியிருக்க வேண்டும். பந்து உருண்டை. தரையைத் தொடும் புள்ளி கோட்டுக்கு அப்பால் போயிருந்தாலும் பந்தின் வயிறு கோட்டின் மேல் தொங்கிக்கொண்டிருக்கலாம். அப்படி நூலளவு தொங்கினாலும் கோல் கிடையாது.

லண்டனின் வெம்ப்லி அரங்கில் நடந்த 1966 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் இதற்குப் பேர்போனது. இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் 2–2 என்று சமநிலையில் இருந்தன. கூடுதல் நேரத்தில் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேல் கம்பத்தின் அடியில் பட்டு, கோட்டின் அருகே தரையில் குத்தி வெளியே வந்தது. சுவிட்சர்லாந்து நடுவர் காட்ஃப்ரீட் டீன்ஸ்ட், பக்கக்கோட்டில் நின்ற துணை நடுவர் தோஃபிக் பஹ்ராமோவிடம் போய்க் கேட்டார். அவர் கோல் என்றார். கடைசியில் இங்கிலாந்து 4–2 என்று வென்றது. கம்பத்தில் பட்டுக் கோட்டருகே விழும் பந்துக்கு ஜெர்மானியர்கள் இன்றும் ‘வெம்ப்லி கோல்’ என்றுதான் பெயர் சொல்கிறார்கள். பஹ்ராமோவின் சொந்த நாடான அசர்பைஜானிலோ, பாகு நகரத்தில் ஒரு விளையாட்டு அரங்குக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரே முடிவு, ஒரு ஊரில் ஆறாத புண், இன்னொரு ஊரில் அரங்கத்தின் பெயர்.

அதே இரு நாடுகள் 2010 உலகக் கோப்பையில் மோதியபோது கணக்கு திரும்பி வந்தது. ஜெர்மனி 2–1 என்று முன்னிலையில் இருந்தபோது இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்தது. வீட்டிலிருந்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது, நடுவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. ஜெர்மனி 4–1 என்று ஜெயித்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2012இல், கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது. 2014 உலகக் கோப்பையில் அது வந்துவிட்டது. பந்து கோட்டைத் தாண்டிய நொடியில் நடுவரின் கைக்கடிகாரம் அதிரும். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

அதற்கும் விதிவிலக்கு ஒன்று உண்டு. 2020 ஜூனில் ஆஸ்டன் வில்லா – ஷெஃபீல்ட் யுனைடெட் ஆட்டத்தில் கோல்கீப்பர் பந்தோடு கோட்டுக்கு உள்ளேயே போய்விட்டார். கேமராக்களை ஆட்களும் கம்பமும் மறைத்துவிட்டதால் கடிகாரம் அதிரவே இல்லை. ஆட்டம் 0–0. ஆனாலும் இந்த வகைச் சண்டை கால்பந்தில் கிட்டத்தட்ட செத்துவிட்டது என்றே சொல்லலாம். கோடு தாண்டியதா இல்லையா என்பதில் கருத்துக்கு இடமே கிடையாது, அதனால் இயந்திரத்திடம் ஒப்படைக்க முடிந்தது. மற்றவை அப்படி இல்லை.

விதியில் இருக்கும் சந்துகள்

கால்பந்துக்கு மொத்தம் 17 விதிகள். அவற்றை மாற்றும் அதிகாரம் சர்வதேச கால்பந்து சங்க வாரியத்திடம் இருக்கிறது. 1886இல் உருவான அமைப்பு இது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கு சங்கங்களுக்குத் தலா ஒரு ஓட்டு, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்கு நான்கு ஓட்டு. ஆறு ஓட்டு கிடைத்தால்தான் ஒரு விதி மாறும். ஃபிஃபாவே ஆசைப்பட்டாலும் தனியாக எதையும் மாற்ற முடியாது.

இந்த விதிகளில் சில அளவுகோல் மாதிரி, சில தராசு மாதிரி. ஆஃப்சைடில் இரண்டும் சேர்ந்து இருப்பதால் அதிலிருந்து தொடங்கலாம்.

தன் அணிக்காரர் பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில், எதிரணியின் பாதி மைதானத்தில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி ஒரு ஆட்டக்காரர் கோலுக்கு நெருக்கமாக இருந்தால் அவர் ஆஃப்சைடு நிலையில் இருக்கிறார். கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர். அதனால் பேச்சில் ‘கடைசி டிஃபெண்டரைத் தாண்டினால் ஆஃப்சைடு’ என்று சுருக்கிவிடுகிறார்கள். கோல்கீப்பர் முன்னே ஏறி வந்திருக்கும்போது இந்தச் சுருக்கம் காலை வாரிவிடும். கோல் கோட்டின் மேல் ஒரு டிஃபெண்டர் நின்றாலும் எதிரணி ஆள் ஆஃப்சைடு ஆகலாம், ஏனென்றால் எண்ண வேண்டியது இரண்டு பேர். 1925க்கு முன்பு மூன்று பேரை எண்ணினார்கள். அதை இரண்டாகக் குறைத்ததும் கோல்கள் மளமளவென்று கூடின. கடைசிக்கு முந்தைய ஆளுக்குச் சரிசமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை என்றது 1990இல்தான். கை கணக்கில் வராது. தலை, உடம்பு, கால் மட்டும்தான். கோல் கிக், த்ரோ-இன், கார்னர் ஆகியவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது.

இதுவரை சொன்னது அளவுகோல். தராசு இனிமேல்தான் வருகிறது. ஆஃப்சைடு நிலையில் நிற்பது மட்டுமே குற்றமாகாது. நின்றவர் ஆட்டத்தில் தலையிட்டாரா என்று பார்க்க வேண்டும். பந்தைத் தொட்டால் சந்தேகமில்லை. தொடாமல், கோல்கீப்பரின் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றால்? அந்தப் பந்தை எடுக்கப் போன டிஃபெண்டரின் வழியில் நின்றால்? ‘மறைத்தாரா’ என்பதைக் கோடு போட்டு அளக்க முடியாது, யாராவது ஒருவர் முடிவு சொல்லியாக வேண்டும். ரசிகர்கள் ‘ஆஃப்சைடுதான், கோடு போட்டுப் பாருங்க’ என்று கத்தும்போது பல நேரம் கோட்டில் தகராறே இருக்காது.

அளவுகோல் பகுதியும் நாம் நினைக்கிற அளவுக்குத் துல்லியம் கிடையாது. ஒளிபரப்புக் கேமரா நொடிக்கு 50 படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 0.02 நொடி. கோல் அடிக்க நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் முன்னே ஓடும் ஃபார்வர்டு அந்த இடைவெளியில் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். எதிர்த்திசையில் டிஃபெண்டரும் ஓடினால் வித்தியாசம் இரட்டிப்பு. பந்து காலைத் தொட்ட கணம் எந்தப் படம் என்று தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு ஆளின் பாத நீளத்துக்குத் தவறு நேரலாம். அப்புறம் கட்டைவிரல் அளவுக்குக் கோடு போட்டு ஆஃப்சைடு என்றால் ஆத்திரம் வரத்தானே செய்யும்? 2022 உலகக் கோப்பையில் இதைச் சரிசெய்யத்தான் கூரைக்கு அடியில் 12 கேமராக்களும், நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் உணர்கருவி வைத்த பந்தும் வந்தன.

ஹேண்ட்பால் முழுக்க முழுக்கத் தராசு. ‘கையில் பட்டாலே ஹேண்ட்பால்’ என்று விதி சொல்வதில்லை. வேண்டுமென்றே கையால் தொட்டால் குற்றம். வேண்டுமென்று செய்யாவிட்டாலும், கையை விரித்து உடம்பை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கி, அதில் பந்து பட்டால் குற்றம். இந்த ‘இயல்புக்கு மாறாக’ என்ற இரண்டு சொல்தான் கால்பந்து ரசிகர்களின் தூக்கத்தைக் கெடுத்த சொற்கள். துள்ளிக் குதிக்கிற மனிதன் கையை உயர்த்தாமல் குதிக்க முடியுமா? சறுக்கி விழுகிறவர் கையை ஊன்றாமல் இருப்பாரா? அந்த நேரத்து உடலசைவால் கை அங்கே வந்தது நியாயம்தானா என்று நடுவர் பார்க்க வேண்டும் என்கிறது விதி. எங்கே தோள் முடிந்து கை தொடங்குகிறது என்பதற்குக்கூட வரையறை வைத்திருக்கிறார்கள்: அக்குளின் அடிமட்டம்.

இதில் சிக்கல் மேல் சிக்கல். 2019இல் ஒரு மாற்றம் வந்தது. தாக்கும் அணியில் யார் கையில் தற்செயலாகப் பட்டாலும், அது கோலுக்கு வழிவகுத்தால் கோல் செல்லாது என்றார்கள். 2021இல் அதைத் திருத்தினார்கள். இப்போது கோல் அடித்தவரின் கையிலேயே பட்டிருந்தால்தான் அது செல்லாது, கூட்டாளியின் கையில் தற்செயலாகப் பட்டது பரவாயில்லை. ஆகவே ஒருவர் ‘அன்னைக்கு இதே மாதிரி கோலை ரத்து பண்ணினாங்களே’ என்றால், ‘அன்னைக்கு’ என்பது எந்த ஆண்டு என்று கேட்பது புத்திசாலித்தனம். அவர் நினைவில் இருப்பது உண்மையாகவே வேறு விதியாக இருக்கலாம். ஹேண்ட்பால் விதியை அடிக்கடி தட்டிக்கொட்டுவதைவிட, மோசமாக இருந்தாலும் ஒன்றையே பத்து ஆண்டு வைத்திருக்கலாம் என்பது என் கட்சி. பழகிய விதி தப்பாக இருந்தாலும் அதில் ஒரு நிம்மதி உண்டு.

திரைக்கு முன்னால் இன்னொருவர்

2018இல் வீடியோ துணை நடுவர், அதாவது வி.ஏ.ஆர்., விதிப் புத்தகத்தில் இடம்பிடித்தது. அதே ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையிலும் வந்தது. தனி அறையில் திரைகளுக்கு முன்னால் இன்னொரு நடுவர் உட்கார்ந்திருப்பார். அவர் எல்லாவற்றையும் பார்த்தாலும் எல்லாவற்றிலும் வாய் திறக்க முடியாது. கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, ஆட்டக்காரரை வெளியே அனுப்பும் நேரடிச் சிவப்பு அட்டையா, ஆள் மாறி அட்டை காட்டப்பட்டதா என்ற நான்கு விஷயங்களுக்காகத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். அதிலும் மைதான நடுவரின் முடிவு ‘தெளிவான, வெளிப்படையான தவறு’ என்றால்தான் அவர் குறுக்கிட வேண்டும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. வி.ஏ.ஆர். ‘எது சரி?’ என்று கேட்பதில்லை. ‘நடுவர் சொன்னது அப்பட்டமாகத் தப்பா?’ என்று மட்டும்தான் கேட்கிறது. ஒரு மோதலில் பெனால்டி கொடுக்கவும் செய்யலாம், கொடுக்காமலும் இருக்கலாம் என்ற அளவுக்குச் சந்தேகம் இருந்தால், நடுவர் எதைச் சொன்னாரோ அதுவே நிற்கும். ஆகவே முதல் ஆட்டத்தில் நடுவர் பெனால்டி கொடுக்கிறார், வி.ஏ.ஆர். மாற்றவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் அச்சு அசலாக அதே மோதல், நடுவர் கொடுக்கவில்லை, அப்போதும் வி.ஏ.ஆர். மாற்றவில்லை. இரண்டுமே விதிப்படி சரி. பாதிக்கப்பட்ட அணியின் ரசிகரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறதென்று!

திரை வந்துவிட்டால் மனிதத் தவறு போய்விடும் என்று நம்பியவர்களுக்கு 2023 செப்டம்பர் 30 மறக்காது. டாட்டன்ஹாம் – லிவர்பூல் ஆட்டம், 0–0. லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் அடித்தார், துணை நடுவர் ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கினார். அறையில் இருந்தவர்கள் கோடு போட்டுப் பார்த்தார்கள், ஆஃப்சைடு இல்லை. சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் மைதானத்தில் கோல் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று தவறாக நினைத்துக்கொண்டு, சரிபார்ப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். மைதான நடுவர் அதைக் கொடி சரிதான் என்று எடுத்துக்கொண்டார். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, தொடங்கிவிட்டால் விதிப்படி பின்னால் போக முடியாது. லிவர்பூல் 2–1 என்று தோற்றது. நடுவர்களின் அமைப்பு இது மனிதத் தவறு என்று ஒப்புக்கொண்டு, அறையில் நடந்த பேச்சின் ஒலிப்பதிவையும் வெளியிட்டது. கேமரா, கோடு, திரை எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. இரண்டு மனிதர்கள் பேசிக்கொண்டதில்தான் கோட்டை விட்டார்கள்.

‘நமக்கு மட்டும் ஏன் இப்படி?’

இப்போது மூன்றாவது கேள்வி, நியாயம். இதில்தான் தொண்டை கிழிகிறது.

விதியை மீறி நடந்ததும் அநியாயமாகப்படும், விதிப்படி நடந்ததும் அநியாயமாகப்படலாம். முதல் வகைக்கு உதாரணம் 2009 நவம்பரில் பிரான்ஸ் – அயர்லாந்து ஆட்டம். உலகக் கோப்பைக்குப் போவது யார் என்று தீர்மானிக்கும் ஆட்டம். பிரான்ஸின் தியரி ஆன்ரி கையால் பந்தை அடக்கிக் கொடுக்க, வில்லியம் கலாஸ் கோல் அடித்தார். நடுவர் பார்க்கவில்லை. ஆன்ரியே கையில் பட்டதை ஒப்புக்கொண்டார். அயர்லாந்து மறுஆட்டம் கேட்டது, ஃபிஃபா மறுத்துவிட்டது. ஏனென்றால் ஆட்டத்தோடு தொடர்புடைய உண்மைகளில் நடுவர் சொன்னதே இறுதி என்கிறது ஐந்தாவது விதி. கோல் ஆனதா என்பதும் அதில் அடக்கம்.

இரண்டாவது வகை அடுத்த ஆண்டே வந்தது. 2010 உலகக் கோப்பைக் காலிறுதி, உருகுவே – கானா, 1–1. கூடுதல் நேரத்தின் கடைசிக் கணங்களில் கானா தலையால் முட்டிய பந்து கோலுக்குள் போய்க்கொண்டிருந்தது. உருகுவேயின் லூயிஸ் சுவாரஸ் கோல்கீப்பர் மாதிரி இரண்டு கையாலும் தடுத்தார். நடுவர் ஒரு தப்பும் செய்யவில்லை, சிவப்பு அட்டை காட்டினார், பெனால்டி கொடுத்தார். கானாவின் அசமோவா ஜியான் அடித்த பெனால்டி மேல் கம்பத்தில் மோதியது. பெனால்டி ஷூட்அவுட்டில் உருகுவே வென்றது. ஆப்பிரிக்காவிலிருந்து முதன்முதலாக ஒரு அணி அரையிறுதிக்குப் போகும் வாய்ப்பு அன்றைக்குக் கைநழுவியது. சுவாரஸ் ஏமாற்றுக்காரரா, தன் அணிக்காகத் தன்னையே பலி கொடுத்தவரா? விதிப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் இதற்குப் பதில் கிடைக்காது, ஏனென்றால் கேள்வியே விதியின் நியாயத்தைப் பற்றியது. பந்து கோலுக்குள் போவது உறுதி என்றால் பெனால்டிக்குப் பதில் கோலையே கொடுத்துவிடலாமே என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். மோசமான யோசனை என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம், ‘நடுவர் எங்களுக்கு எதிரி’ என்ற நித்தியப் புகார். இதைச் சொல்லாத ரசிகர் கூட்டம் உலகத்தில் இல்லை. எல்லா அணிக்கும் நடுவர் எதிரியாக இருக்க முடியாது என்பது சாதாரணக் கணக்கு. அதற்காக ரசிகர்கள் பொய் சொல்கிறார்கள் என்றும் அர்த்தமில்லை. 1951இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரு பல்கலைக்கழகங்கள் மோதிய ஒரு அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் அடிதடி அதிகம். ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹேட்லி கேன்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படத்தை இரு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த மீறல்களை டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். ஒரே படம், ஒரே வேலை. பாசம் கண்ணுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

நடுவர்களும் மனிதர்கள்தான். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தகுதி பெற்ற நடுவர்கள் 40 பேருக்கு ஒரே ஆட்டத்தின் மோதல்களைக் காட்டினார்கள். பாதிப் பேருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, பாதிப் பேருக்குச் சத்தமில்லாமல். சத்தம் கேட்டவர்கள் சொந்த மைதானத்து அணிக்கு எதிராகச் சுமார் 15 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். ஆக, ஒருசாய்வு என்ற புகாரில் ஒரு பிடி உண்மை இருக்கிறது. ஆனால் அதைச் செய்வது சதி இல்லை, சத்தம். அந்தச் சத்தத்தைப் போடுவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டக்காரரைத் திட்டுவதற்கு முன்

ஆட்டக்காரர்களைப் பற்றிய சண்டையில் விதிப் புத்தகம் உதவாது. இதில் பெரும்பாலும் ஓடுவது, கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கும் தெரியாத வேலைக்கும் இடையிலான சண்டை.

கோல் அடித்தவர் தெரிவார். அவருக்கு இடம் கிடைக்கட்டும் என்று டிஃபெண்டரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஓடியவர் தெரியமாட்டார். கடைசி நேரத்தில் சறுக்கி விழுந்து பந்தைத் தட்டிய டிஃபெண்டருக்குக் கைதட்டல் விழும், ஆனால் இடம் பார்த்து நின்றதால் சறுக்கவே தேவைப்படாதவரை யாரும் கவனிப்பதில்லை. கேமரா பந்தின் பின்னாலேயே போவதும் இதற்கு ஒரு காரணம். மைதானத்துக்கே போய்ப் பார்க்கிறவரும் திரையில் பார்க்கிறவரும் ஒரே ஆட்டக்காரரைப் பற்றி நேர்மாறாகப் பேசினால் ஆச்சரியப்படாதீர்கள். இருவரும் பார்த்தது வேறு வேறு ஆட்டம்.

ரியல் மாட்ரிட்டில் ஆடிய க்ளோட் மக்கலேலே இதற்குப் பாடப்புத்தக உதாரணம். டிஃபெண்டர்களுக்கு முன்னால் நின்று பந்தைப் பறித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவார். கோல் அரிது, அழகான நீளப் பாஸும் அரிது. 2003இல் ரியல் மாட்ரிட் டேவிட் பெக்கமை வாங்கியது. அதே கோடையில் மக்கலேலேயை செல்சிக்குப் போகவிட்டது. அடுத்த மூன்று சீசனில் மாட்ரிட் ஸ்பானிய லீகை வெல்லவில்லை. செல்சி 2005லும் 2006லும் இங்கிலாந்து லீகை வென்றது. அவர் ஒருவரால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்லமாட்டேன், மாட்ரிட்டுக்கு வேறு நோய்களும் இருந்தன. ஆனாலும் அதற்கப்புறம் அந்த இடத்துக்கே ‘மக்கலேலே ரோல்’ என்று பெயர் வந்துவிட்டது.

இப்போது இந்தச் சண்டையில் எண்களும் நுழைந்துவிட்டன. அடிக்கடி காதில் விழுவது ‘எக்ஸ்ஜி’, எதிர்பார்க்கத்தக்க கோல். ஒரு ஷாட் எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா என்று பார்த்து, முன்பு அதே மாதிரி அடிக்கப்பட்ட ஷாட்டுகளில் எத்தனை கோல் ஆனது என்று கணக்கிடுவார்கள். பத்தில் ஒன்று கோல் ஆகும் என்றால் 0.1. பெனால்டிக்கு முக்காலுக்குச் சற்று மேல் வரும். ‘அவன் ஒரு வாய்ப்பையும் உருப்படியா அடிக்கமாட்டான்’ என்று ஃபார்வர்டைத் திட்டும்போது, அந்த வாய்ப்புகள் எல்லாம் 0.05 வகையா 0.5 வகையா என்று கேட்கலாம். ஒரே ஒரு ஆட்டத்துக்கு மட்டும் இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். பல ஆட்டங்கள் சேர்ந்தால்தான் இதற்கு மதிப்பு.

நிர்வாகம் என்றால் யார்?

‘மேனேஜ்மென்ட் சரியில்லை’ என்ற வாக்கியம் காதில் விழுந்தால், யாரைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்து ஆட்டத்தை வகுக்கும் பயிற்சியாளர் ஒருவர். யாரை வாங்குவது, விற்பது என்று பார்க்கும் விளையாட்டு இயக்குநர் இன்னொருவர், எல்லா கிளப்பிலும் அவர் இருக்கமாட்டார். அவர்களுக்கு மேலே முதலாளி. மோசமாக ஆள் வாங்கியதற்குப் பயிற்சியாளர் திட்டு வாங்குவதும், மோசமாக ஆட வைத்ததற்கு முதலாளி திட்டு வாங்குவதும் தினசரி நடக்கிறது.

பணக் கணக்கில் ஒரு விஷயம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 10 கோடி யூரோ கொடுத்து ஒருவரை ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், கணக்குப் புத்தகத்தில் ஆண்டுக்கு 2 கோடி செலவு என்றுதான் எழுதுவார்கள். ஒப்பந்தம் நீளநீள ஆண்டுச் செலவு குறைவாகத் தெரியும். செல்சி எட்டு ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் கொடுக்கத் தொடங்கியதும், 2023இல் ஐரோப்பியக் கால்பந்து சம்மேளனம் தன் கணக்கு விதிகளில் இப்படிப் பிரிப்பதை ஐந்து ஆண்டுக்கு மேல் அனுமதிக்க முடியாது என்றது. விற்பனை இதற்கு நேர் எதிர். கிளப்பிலேயே வளர்ந்த பையனை விற்றால் முழுத் தொகையும் அந்த ஆண்டே லாபமாக ஏறும். ரசிகர்கள் உயிரை விடுகிற சொந்த ஊர்ப் பையனை நிர்வாகம் முதலில் விற்பதற்கு இதுவும் ஒரு காரணம். கணக்குப் பிள்ளைக்கு அது சரி, ரசிகருக்கு அது துரோகம்.

முதலாளிமேல் ரசிகருக்கு எவ்வளவு பிடி என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் ‘50+1’ விதிப்படி, சில விலக்குகள் நீங்கலாக, ஓட்டில் பெரும்பான்மை கிளப்பின் உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும். பார்சிலோனாவில் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கிலாந்தில் கிளப் என்பது விற்று வாங்கும் சொத்து, ரசிகருக்குத் தொண்டை மட்டும்தான். ஆனால் தொண்டையும் சில நேரம் வேலை செய்யும். 2021 ஏப்ரல் 18 அன்று 12 பெரிய கிளப்புகள் சேர்ந்து தனியாக ஒரு சூப்பர் லீக் அறிவித்தன. ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டே நாளில், 20ஆம் தேதி இரவுக்குள், ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் விலகுவதாகச் சொல்லிவிட்டன.

பயிற்சியாளரைத் துரத்தச் சொல்லும் கூச்சலுக்கு வருவோம். அதில் உள்ள உண்மையான கேள்வி, எவ்வளவு காலம் பொறுப்பது என்பதுதான். கிளாடியோ ரனியேரி 2016இல் லெஸ்டர் சிட்டிக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். பந்தயக்காரர்கள் அதற்கு 5000க்கு 1 என்று விலை வைத்திருந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும் அபாயத்தில் கிளப் நின்றது, அவரை அனுப்பிவிட்டார்கள். நன்றிகெட்டதனம் என்றார்கள் பலர். ஆனால் அந்த அணி அதற்கப்புறம் மேலே ஏறித் தப்பித்தது.

இன்னொரு பக்கம் மான்செஸ்டர் யுனைடெட். அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் பொறுப்பேற்றார். 1989 டிசம்பரில் சொந்த மைதானத்தில் கிறிஸ்டல் பேலஸிடம் 2–1 என்று தோற்றபோது, மூன்று ஆண்டாகச் சாக்குப்போக்கு போதும், போய்வாருங்கள் என்ற பொருளில் ஒரு ரசிகர் பதாகை பிடித்தார். அதுவரை ஒரு கோப்பையும் இல்லை. அந்த சீசனில் அணி லீகில் 13ஆவது இடத்தில்தான் முடித்தது. 1990 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது. 2013இல் ஓய்வு பெறும்போது ஃபெர்குசன் கணக்கில் 13 லீக் பட்டங்கள் இருந்தன.

அந்தப் பதாகையைக் காட்டி, ‘பார்த்தீங்களா, ரசிகர்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1989 டிசம்பரில் அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு 2013 தெரியாது. அவர் கையில் இருந்தது மூன்று ஆண்டுத் தோல்விகளும், கூலிப் பணத்தில் வாங்கிய டிக்கெட்டும், ஒரு துணியும், மையும்தான். அன்றைய கணக்குப்படி அவர் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.